பீரோ நுழையாத வீடு



போன வாரம் நம்ம பக்கம் ஏன் வரலைன்னு கேட்டு மெயில் தட்டின ரெண்டு பேருக்கும் (ஆமா, சரியா ரெண்டே பேர். அதுல ஒண்ணு என் பெஞ்ச்மேட்!) முதல்ல ஒரு ஸாரி. உடம்பு சரியில்ல, இன்டர்னல்ஸ் இருந்துச்சுன்னெல்லாம் ரீல் சுத்த மாட்டேன். நாங்க வீடு காலி பண்ணிக்கிட்டு இருந்தோம். வாடகை வீடு இல்லீங்க, சொந்த வீடு. மதுரையில 26 வருஷம் இருந்த வீடு. நான் பொறந்து, தவழ்ந்து, சுவத்துல கிறுக்கி, அடி வாங்கி வளர்ந்த வீடு.

கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். அப்பா வேலை பார்த்த கம்பெனி மதுரை ஆபீஸை மூடிட்டாங்க. அக்கா கல்யாணக் கடன், வீட்டு மேல பேங்க் கடன், வட்டி... மீதியை நீங்களே ஃபில் அப் பண்ணிக்குவீங்க. பாதிப் பேர் வீட்ல இதே படம்தான் ஓடுது. அந்த நேரம் பார்த்து ஊர்ல அப்பத்தா வழுக்கி விழுந்து கை மணிக்கட்டை உடைச்சுக்கிட்டாங்க. மதுரைக்கு வாங்கன்னா வர மாட்டேன்னுட்டாங்க. கடைசியில வீட்டை வித்துக் கடனை அடைச்சுட்டு, அப்பாவும் அம்மாவும் அப்பத்தாகிட்ட போயிடறதுன்னு முடிவாச்சு. எனக்கு ஹாஸ்டல்.

ஊர் எதுன்னு கேட்டீங்கன்னா, சிவகாசியை ஒட்டின நாரணாபுரம்.

"கிராமத்துக்கா போறீங்க? செம லக்குடி! கிணறு, வயக்காடு, பம்புசெட்..." அப்படின்னு கிளாஸ்ல ஒருத்தி கண்ணை மூடி கனவுக்கே போயிட்டா. அம்மணி, அது நீங்க பார்த்த பாரதிராஜா படம். எங்க ஊர் கரிசல். மழை பேஞ்சா செருப்பை உருவிக்கிட்டு விடாது, வெயில் அடிச்சா விரல் நுழையற அளவுக்கு வெடிக்கும். சுத்திப் பார்த்தா சீமைக்கருவேலம், பட்டாசு ஆலைக் கம்பிவேலி, அச்சாபீஸ். நான் சிவில் மூணாம் வருஷம். சாயில் மெக்கானிக்ஸ்ல 'தண்ணி பட்டா ஊதும், காஞ்சா சுருங்கும்'னு ஒரு களிமண்ணைப் பத்தி ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணியிருக்கேன். அப்பத்தா வீட்டுச் சுவத்துல ஜன்னல் மூலையிலேர்ந்து சாய்வா ஓடற விரிசலைப் பார்த்தப்பதான் அது மனசுல ஏறுச்சு.

சரி, கணக்குக்கு வருவோம். மதுரை வீடு 1,350 சதுர அடி. மாடியில ஷீட் போட்ட ரூம் தனி. நாரணாபுரம் வீடு, நானே டேப் பிடிச்சு அளந்தது, 410 சதுர அடி. முன்னாடி ஒரு ரூம், ஒரு நடை, உள்ரூம், பின்னாடி சமையலுக்கு ஒரு சார்ப்பு. மேல நாட்டு ஓடு. அந்த 410-லயும் அப்பத்தா ஏற்கெனவே ஒரு வாழ்க்கை நடத்திக்கிட்டு இருக்காங்க. ஆக, எங்க வீட்டுச் சாமான்ல நாலுல மூணு பங்கு வெளியே போகணும். டைம் பதினோரு நாள்.

முதல் நாள் நான் ரொம்ப சயின்டிஃபிக்கா ஆரம்பிச்சேன். நெட்டுல ஜப்பான்காரம்மா மாரி கோண்டோ முறை இருக்குல்ல... 2011-ல புத்தகம் போட்டாங்க, 2019-ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்து உலகத்தையே அலமாரி அடுக்க வெச்சாங்க. ஒவ்வொரு பொருளையும் கையில எடுத்து, இது எனக்குச் சந்தோஷம் தருதான்னு கேட்கணுமாம். அம்மா கையில ஒரு இட்லிக் கொப்பரையைக் கொடுத்து, "இது உனக்குச் சந்தோஷம் தருதாம்மா?"ன்னு கேட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே அச்சுல போட முடியாது. (அந்த மாரி கோண்டோவே மூணு குழந்தை பெத்த பிறகு, வீட்டைச் சுத்தமா வெச்சுக்கறதைக் கிட்டத்தட்ட விட்டுட்டேன்னு 2023-ல ஒத்துக்கிட்டாங்க. நிம்மதி!)

சாமான்ல எது கஷ்டம்னு நினைக்கிறீங்க? கட்டில், சோஃபா, வாஷிங்மெஷின் எல்லாம் ஈஸி. போட்டோ எடுத்து குரூப்புல போட்டா ரெண்டு மணி நேரத்துல ஆள் வந்துடுது. கஷ்டம் எங்கே ஆரம்பிச்சதுன்னா, எவர்சில்வர்ல.

நம்ம பக்கத்துக் கல்யாணங்கள் உங்களுக்குத் தெரியும். பாத்திரக் கடையில குடமோ தூக்கோ தாம்பாளமோ வாங்கி, கடைக்காரர்கிட்டயே பேர் வெட்டி வாங்கிக்கிட்டுப் போய்க் கொடுப்பாங்க. 'இன்னார் குடும்பத்தார், இந்த ஊர், இந்தத் தேதி' அப்படின்னு புள்ளி புள்ளியா. எங்க வீட்ல அப்படி 61 உருப்படி. சும்மா கிலோ கணக்குல போட்டுடலாம்னு நான் சாக்குல அள்ளினப்ப அப்பா ஓடி வந்தார். "அதுல இருக்கறது பாத்திரம் இல்லடா, கணக்கு." யார் நமக்கு என்ன செஞ்சாங்களோ, அவங்க வீட்டு விசேஷத்துக்கு நாம அதைத் திருப்பிச் செய்யணும். மொய் நோட்டு மூணு இருக்கு, ஆனா பாத்திரமா வந்தது பாதி நோட்டுல ஏறலை. பாத்திரத்தோட அடியிலதான் இருக்கு.

அப்புறம் என்ன, ஒரு ராத்திரி முழுக்க நான் ஒவ்வொண்ணையும் கவுத்துப் போட்டு வாசிக்க, அப்பா மூக்குக்கண்ணாடியோட ஒரு நோட்டுல எழுதினார். 'ஆமத்தூர் பெரியம்மா, போசி.' 'திருத்தங்கல் மாமா, அண்டா மூடியோட.' நடுநடுவுல அப்பா நிறுத்திடுவார். "இவர் இறந்துட்டார்." கொஞ்ச நேரம் கழிச்சு, "மகன் இருக்கான். எழுது." கடனை அடைக்க வீட்டையே வித்த மனுஷன், 1998-ல வந்த ஒரு டிபன் கேரியருக்குக் கணக்கு எழுதறார். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, தொண்டையையும் அடைச்சுச்சு. 61-ல நாலு மட்டும் வெச்சுக்கிட்டோம். மீதி தராசுல ஏறிடுச்சு. நோட்டு ஊருக்கு வந்துடுச்சு.

அடுத்த தலைவலி சாமி படங்கள். பூஜை ரூம்ல மாட்டினது, கப்போர்டுக்குப் பின்னாடி சொருகினது, மாடி ரூம்ல கட்டி வெச்சது... 34 படம், பூரா காலண்டர் படம். பழசைத் தூக்கிப் போட அம்மாவுக்கு மனசு வராது. லட்சுமியைக் குப்பையில எப்படிப் போடுவீங்க? இதுல காமெடி என்னன்னா, இந்தப் படங்கள் எல்லாம் எந்த ஊர்ல அச்சாச்சோ அந்த ஊருக்கேதான் நாங்க குடிபோறோம். சிவகாசியில ஆடிப்பெருக்கு அன்னிக்கு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அந்த மாசத்துலேர்ந்து அச்சாபீஸ் ஓட்டம்தான். வருஷா வருஷம் சாமியை அச்சடிச்சு ஊரெல்லாம் அனுப்பறாங்க. பழைய சாமியைத் திரும்ப வாங்கிக்க ஒரு கவுண்டர் திறக்கக் கூடாதா? கடைசியில நாங்களும் எல்லாரும் பண்றதைத்தான் பண்ணினோம். விடிகாலையில யாரும் பார்க்கறதுக்கு முன்னாடி, அரசமரத்துப் பிள்ளையார் பக்கத்துல சாத்தி வெச்சுட்டு, திரும்பிப் பார்க்காம வந்துட்டோம்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் நான் எடுத்துக்கிட்டேன். ஓரம் செல்லரிச்ச முருகன். கீழே 'கொண்டையராஜு'ன்னு இருந்துச்சு. கோவில்பட்டியில இருந்துகிட்டு சிவகாசி அச்சாபீஸ்களுக்கு வரைஞ்சு கொடுத்தவர், 1976-ல காலமானார். நம்ம பாட்டிமார் மனசுல முருகன் இப்படித்தான் இருப்பார், லட்சுமி இப்படித்தான் இருப்பாங்கன்னு பதிஞ்சு போனதுல அவருக்கும் அவர் சீடர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. ஹாஸ்டல்ல என் கட்டிலுக்கு மேல இப்ப அந்த முருகன்தான் இருக்கார். ரூம்மேட் பக்கத்துல சூர்யா. ரெண்டு பேருக்கும் சண்டை இல்லை.

என் சாமான் பத்தி? புத்தகத்தையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குக் கொண்டுபோனேன். புதுமண்டபத்துல இருந்த கடைக்காரங்களை அங்கேதான் மாத்தி விட்டிருக்காங்க. திருமலை நாயக்கர் கட்டின மண்டபத்துல, கல்தூணுக்கு நடுவுல தலைமுறை தலைமுறையா தையல் மெஷினும் பாடப்புத்தகமும் வெச்சுப் பொழைச்சவங்க. அவங்களும் சாமானைக் குறைச்சுக்கிட்டு வந்தவங்கதானே! என் பிளஸ் டூ கைடுகளைப் புரட்டிப் பார்த்த கடைக்காரர், "ரொம்பப் புதுசா இருக்கேம்மா"ன்னார். அதை நான் காம்ப்ளிமென்ட்டா எடுத்துக்கறதா, வேணாமா? டிராஃப்டரை ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுக்குக் கொடுத்துட்டேன்.

இப்ப நான் சொல்லப் போறது, எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்ச விஷயம்.

எட்டாம் நாள் பரண் மேல ஏறினேன். மூலையில கோணிச்சாக்கு மூணு, வாயைக் கட்டி வெச்சிருந்துச்சு. இறக்கி அவிழ்த்துப் பார்த்தா... பளபளன்னு புதுப் பாத்திரம். பேப்பர் சுத்தினது பிரிக்கவே இல்லை. குடம், சருவம், அடுக்கு டப்பா, பித்தளைக் குத்துவிளக்கு ரெண்டு. அடியைப் பார்த்தேன். என் பேர். என் இனிஷியல்.

அம்மா எனக்குச் சீர் சேர்த்திருக்காங்க. நான் அஞ்சாவது படிக்கும்போதிலேர்ந்து, தெருவுல பாத்திரச் சீட்டுக் கட்டி, ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒண்ணு ரெண்டா.

எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியலை. எட்டு நாள் அலுப்பு, வீடு போற கோபம், எல்லாம் சேர்ந்து வெடிச்சுடுச்சு. "நான் கேட்டேனா? எவன் வீட்டுக்கோ தூக்கிக்கிட்டுப் போக எனக்குக் குடம் வேணும்னு நான் கேட்டேனா? எனக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டக் கடன் வாங்கினீங்களே, இதைப் போட்டுக் கட்டியிருக்கலாம்ல?" இன்னும் நிறைய. அம்மா திருப்பி ஒரு வார்த்தை பேசலை. சாக்கு வாயை மறுபடி கட்டினாங்க. கட்டி முடிச்சுட்டு, "அந்த வருஷமெல்லாம் எனக்குன்னு ஒரு கரண்டி வாங்கினதில்ல"ன்னு மட்டும் சொன்னாங்க. அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரி வீட்ல யாரும் சாப்பிடலை.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. மாவுக்கட்டுக் கையோட அப்பத்தா பஸ் ஏறி வந்து இறங்கிட்டாங்க. "நீங்க பண்ற லட்சணத்தைப் பார்க்கத்தான் வந்தேன்."

அப்பத்தாவைப் பத்தி ரெண்டு வரி சொல்லியாகணும். முப்பது வருஷத்துக்கு மேல பட்டாசு ஆலையில சரவெடி பின்னினவங்க. 2018 அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் சரவெடியும் கூடாது, பேரியம் சேர்த்த வெடியும் கூடாதுன்னு தீர்ப்பு சொன்னுச்சு. ஆலைகள் மாசக்கணக்குல மூடிக் கிடந்துச்சு. டெல்லிக் காத்துக்காக வந்த தீர்ப்பு. அதுல தப்பு சொல்ல எனக்கு வாய் வரலை, டெல்லிக் குழந்தைகளுக்கும் நுரையீரல் இருக்கு. ஆனா பின்னத் தெரிஞ்ச பத்து விரல் அன்னியோட சும்மா ஆயிடுச்சு. அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்குங்க.

அப்பத்தா ஹால்ல உட்கார்ந்து, சுத்திக் குவிஞ்சு கிடந்த மூட்டைகளைப் பார்த்தாங்க. "எங்க ஆலையில ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது. அந்தந்த நேரத்துக்கு வேண்டிய மருந்து மட்டும்தான் உள்ளே இருக்கணும். செஞ்ச சரக்கை உடனுக்குடன் வெளியே தூக்கிரணும். சேத்து வெச்சா என்னைக்காச்சும் ஒரு நா எல்லாரையும் கொண்டு போயிரும்"னாங்க.

இது அவங்க புத்தகத்துல படிச்சது இல்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறக்குறைய 40 பேர் போன நாள். தீப்பிடிச்சதும் காப்பாத்த ஓடினவங்களும் அதுல உண்டு. அளவுக்கு மீறின ஆளு, அளவுக்கு மீறின மருந்து... ஊர்ல இன்னிக்கும் அதைப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கிட்டுத்தான் பேசுவாங்க. அப்பத்தாவுக்கு வேண்டியவங்க ரெண்டு பேர் அதுல போனாங்க.

அப்புறம் அந்த மூணு சாக்கையும் பிரிக்கச் சொன்னாங்க. அம்மாவைப் பார்த்து, "உன் அடுப்படியில இருக்கற நசுங்கினதை எல்லாம் தராசுல போடு. இதுல சமை. உன் மக பேர் போட்ட சட்டியில நீ சோறாக்கினா அவ என்ன குறைஞ்சா போயிருவா?"

அம்மா, "அத்தை, அது அவளுக்குன்னு..."ன்னு இழுத்தாங்க.

"அவளுக்கு வேணும்னா அவ சம்பாதிச்சு வாங்குவா. ஏன் தாயி, வாங்குவியா மாட்டியா?"

வாங்குவேன்னேன். வேற என்ன சொல்ல? அம்மா எதுவும் சொல்லலை. ஆனா முதல் பேப்பரைப் பிரிச்சது அவங்கதான். நான் ஸாரி கேட்டேனான்னு கேட்கறீங்களா? நசுங்கின பாத்திரத்தையெல்லாம் நானே கடைக்குத் தூக்கிக்கிட்டுப் போனேன். எங்க வீட்ல ஸாரி அந்த மாதிரிதான் கேட்போம்.

கடைசியா பீரோ.

அம்மா கல்யாணத்துக்குத் தாத்தா (அம்மாவோட அப்பா) வாங்கிக் கொடுத்த இரும்பு பீரோ. ஆறரை அடி உயரம், பச்சைக் கலர், கண்ணாடி வெச்சது. தாத்தா இப்ப இல்லை. பீரோவை விக்கறதைப் பத்தி யாரும் பேச்சே எடுக்கலை. குட்டியானையில ரெண்டாவது லோடுல ஏத்தி, படுதா போட்டுக் கட்டி, ஊருக்கு வந்துடுச்சு. வந்த பிறகுதான் வில்லங்கம். வாசல் நிலை ஆறடி. சரி, படுக்க வெச்சு நுழைச்சாச்சு. நடை வந்ததும் ஒரு திருப்பம். படுத்த வாக்குல திரும்பாது. நிமிர்த்தித் திருப்பலாம், திருப்பினா அடுத்த அடியே உள்ரூம் நிலை, அதுவும் குட்டை. மறுபடி படுக்க வைக்க நடையில நீளம் பத்தலை. அப்பா, டிரைவர், பக்கத்து வீட்டு அண்ணன்னு நாலு பேர் தூக்கிக்கிட்டு நிக்க, நான் தரையில சாக்பீஸால படம் போட்டு மூலைவிட்டம் கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கேன்!

சிரிக்காதீங்க. இது உலகப் பிரச்னை. எல் வடிவ நடையில திருப்பக் கூடிய மிகப் பெரிய சோஃபாவோட பரப்பு எவ்வளவுன்னு லியோ மோசர்னு ஒரு கணக்கு வாத்தியார் 1966-ல கேட்டார். ஒரு அலகு அகலமுள்ள நடைக்கு 2.2195 சதுர அலகு வரைக்கும் போகலாம்னு ஜோசப் கெர்வர் 1992-ல ஒரு வடிவம் கொடுத்தார். அதுக்கு மேல போகவே முடியாதுன்னு கொரியாவோட ஜினோன் பேக் 2024 கடைசியில நூறு பக்கத்துக்கு மேல எழுதி வெளியிட்டார். ஒரு சோஃபாவைத் திருப்ப அம்பத்தெட்டு வருஷம்! எங்க பீரோவுக்கு அரை மணி நேரம். பதில்: நுழையாது.

வெளியே தூக்கி வந்து தெருவுல நிறுத்தினோம். மணி சாயங்காலம் ஆறு. தெருவே வேடிக்கை பார்க்குது. அம்மா அந்தக் கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தாங்க. "கொடுத்துடலாம்"னாங்க, யாரையும் பார்க்காம. டிரைவர் உடனே, தனக்குத் தெரிஞ்ச ஒரு பழைய இரும்புக் கடை நம்பரைத் தேட ஆரம்பிச்சுட்டார்.

அப்பதான் எதிர்வீட்டு அத்தை வந்தாங்க. அவங்க வீட்டு முன்னாடி ஷட்டர் வெச்ச ஒரு ரூம். முன்னாடி தீப்பெட்டிக் கட்டு அடுக்கி வெச்ச இடமாம், இப்போ காலி. "இரும்புக் கடைக்கு எதுக்கு? இங்கன நிக்கட்டும். எனக்கு என்ன சோறா போடப் போறேன் அதுக்கு?"ன்னு ஷட்டரைத் தூக்கிட்டாங்க. பீரோ நின்ன வாக்குல, ஒரு இடிகூட இல்லாம உள்ளே போயிடுச்சு.

இப்ப நிலவரம் என்னன்னா, அம்மாவோட சேலை எல்லாம் எதிர்வீட்ல இருக்கு. காலையில குளிச்சதும் நைட்டி மேல துண்டைப் போட்டுக்கிட்டு, சாவிக்கொத்தோட தெருவைத் தாண்டிப் போறாங்க. முதல் வாரம் சேலையை எடுத்துக்கிட்டு ஒரு நிமிஷத்துல திரும்பினவங்க, நேத்து நான் போன் பண்ணப்ப எடுக்கவே இல்லை. முக்கால் மணி நேரம் கழிச்சு அப்பத்தாதான் எடுத்தாங்க.

"உங்க ஆத்தா சேலை எடுக்கப் போயிருக்கா தாயி. இன்னும் வரலை. அங்கன காப்பி குடிச்சுக்கிட்டு இருப்பா. பெறகு பண்ணு."

சரி மக்களே, நாளைக்கு ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் இன்டர்னல். நான் கிளம்பறேன். அடுத்த வாரம் இதே பக்கத்துல!